நீச்சற்றடாகமும் நீரின் தூய்மையும்

ஓடும் நீர் தன்பாற் சேரும் அழுக்கைத் தானே கொண்டு கழிக்கும். தேங்கிய நீருக்கு அவ்வாற்றல் இல்லை. யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கேணியில் நாடோறும் எத்தனையோ பேர் மூழ்கி எழுகின்றனர். சுண்ணாம்புக் கற்பாறையினூடாக ஊறிவரும் நன்னீர் அங்கே ஒருபுறம் புகுந்து மறுபுறம் கடலிற் கலந்தவண்ணமிருக்கின்றது. நேற்று நீராடியவர் விட்டுச் சென்ற அழுக்கு இன்று நீராடுவோர்க்குப் பெரும்பாலும் எஞ்சுவதில்லை. ஆற்றுக்கும் அருவிக்கும் இஃது ஒக்கும். மனிதன் கல்லாலும் சாந்தாலும் தொட்டி கட்டி, அதனுள் நீரை அடைத்துவைத்து நீராடத் தொடங்கிய அன்றே நீரின் தூய்மை என்னும் வினா அவனைத் தொடர்ந்து வரலாயிற்று.

இவ்வினாவைப் பண்டையோர் அறியாதிருந்தாரல்லர். சிந்துவெளியின் மொகஞ்சதாரோவிற் கண்டெடுக்கப்பட்ட பெருங்குளிப்பிடம் ஏறக்குறைய 12 மீற்றர் நீளமும் 7 மீற்றர் அகலமும் 2.4 மீற்றர் ஆழமும் உடையது. நீர் கசியாவண்ணம் செங்கற் சுவருக்கு நிலக்கீல் பூசப்பட்டிருந்தது. பழைய நீரைப் போக்குதற்கு ஒரு மூலையில் வடிகாலும் இருந்தது. அநுராதபுரத்துக் குட்டம் பொக்குண என்னும் இரட்டைத் தடாகங்களை அமைத்தோர் இன்னும் ஒருபடி மேலே சென்றனர். நிலத்தின்கீழ்ச் செல்லும் குழாய்வழி வந்த நீர் நேரே தடாகத்தை அடையவில்லை. முதலிற் சிறு தொட்டியொன்றிற் றங்கி, மண்ணையும் மண்டியையும் அங்கே படியவிட்டு, தெளிந்த பின்னரே தடாகத்துட் புகுந்தது. இன்றைய வடிகட்டும் பொறியின் முன்னோடி எனக் கூறத்தக்கது அச்சிறு தொட்டி.

இக்காலத்தில் வீட்டு முற்றங்களில் அமைக்கப்படும் நீச்சற்றடாகம் இவ்விரண்டினும் வேறுபட்டது. அதன் நீர் பொதுவாக ஆண்டுக்கணக்கில் மாற்றப்படுவதில்லை. ஆவியாய்ப் போன அளவும் சிந்திய அளவுமே மீள நிரப்பப்படுகின்றன. ஆகவே அத்தடாகத்தில் இறங்கிய ஒவ்வொருவருடைய வியர்வையும், தோலின் நெய்ப்பும், பூசிய எண்ணெயும், சிறு குழந்தைகள் அறியாது கழிக்கும் சிறுநீரும் அந்நீரிலேயே தங்குகின்றன. காற்றுக் கொணரும் தூசியும் மரம் உதிர்க்கும் இலையும் பறவையின் எச்சமும் அவற்றோடு சேர்கின்றன. இத்தகைய நீரை ஒரே நிலையில் வைத்திருத்தல், ஒரு சிறு நகரத்தின் நீர் வழங்கற் சாலையை நடத்துதற்கு ஒப்பான வேலை. அவ்வேலையைச் செய்பவர் பயிற்சி பெற்ற பொறியியலாளர் அல்லர். வீட்டுத் தலைவரோ தோட்டக்காரரோதான். இடரும் அங்கேதான் தோன்றுகின்றது.

விளக்கத்தின் பொருட்டு ஒரு தடாகத்தை எடுத்துக்கொள்க. நீளம் 10 மீற்றர், அகலம் 5 மீற்றர், சராசரி ஆழம் ஒன்றரை மீற்றர். இதன் கொள்ளளவு 75 கனமீற்றர். அஃதாவது 75,000 இலீற்றர். இந்த எண்ணை அறியாதவர் இத்தடாகத்துக்கு எவ்வித மருந்தும் இடத் தகுதியுடையவரல்லர் என்பது மிகைக் கூற்றன்று. ஏனெனில், ஓர் இலீற்றரில் ஒரு மில்லிக்கிராம், அஃதாவது பத்திலட்சத்தில் ஒரு பங்கு என்னும் நுண்ணிய அளவிலேயே இங்குக் கணக்குகள் யாவும் நிகழ்கின்றன. நமது தடாகத்தில் அவ்வொரு பங்கை உண்டாக்குதற்கு 75 கிராம் குளோரீன் போதும். கடைகளில் விற்கப்படும் கல்சியம் ஐப்போகுளோரைற்று என்னும் மணியுருப் பொருளில் நூற்றுக்கு 65 பங்கு பயன்படு குளோரீன் உண்டெனின், அதில் 115 கிராம் இடல்வேண்டும். கையால் அள்ளிக் குத்துமதிப்பாக வீசும் வழக்கம் எத்துணைப் பிழையானது என்பது இவ்வெண்களால் விளங்கும்.

குளோரீனை முதன்முதல் 1774 ஆம் ஆண்டிற் பிரித்தெடுத்தவர் சுவீடன் நாட்டுச் சீலே என்பார். அது தனி மூலகமே என நிறுவி, அதன் பசுமஞ்சள் நிறம் பற்றிப் பெயரிட்டவர் ஆங்கிலேயரான டேவி, ஆண்டு 1810. துணி வெளிற்றுதற்கும் நாற்றம் போக்குதற்குமே அது நெடுநாட் பயன்பட்டது. 1847 இல் வியன்னா நகர மருத்துவமனையிற் செமல்வைசு என்னும் மருத்துவர், பிரசவ விடுதிக்குச் செல்லுமுன் மாணவர் யாவரும் குளோரீன் கலந்த சுண்ணாம்பு நீரிற் கை கழுவவேண்டுமென்று விதித்தார். தாய்மாரின் சாவு வெகுவாகக் குறைந்தது. கிருமிக் கொள்கை நிலைபெறாத காலம் அது. ஆதலின் அவர் கண்ட உண்மையை உடன் மருத்துவர் பலர் ஏற்றாரல்லர். 1908 இல் அமெரிக்காவின் யேர்சி நகரத்துக் குடிநீர்க்கு இடையறாது குளோரீன் ஊட்டப்பட்டது. ஈராண்டு கழித்து, பிரௌன் பல்கலைக்கழகத்து நீச்சற்றடாகத்தில் அம்முறை சோதித்துப் பார்க்கப்பட்டது. இலங்கையிலும் வெள்ளம் வடிந்தபின் கிணறுகளுக்கு வெளிற்றுந்தூள் இடப்படுதலைக் கண்டோர் பலர். வீட்டுத் தடாகத்துக்கு இடப்படுவதும் அக்குடும்பத்துப் பொருளே.

குளோரீன் நீரிற் கரைந்ததும் ஐப்போகுளோரசு அமிலம் என்னும் பொருளைத் தருகின்றது. கிருமியைக் கொல்வது இவ்வமிலமே. இதன் மூலக்கூறு மின்னேற்றமற்றது. ஆகையாற் பற்றீரியாவின் சுவரை எளிதில் ஊடுருவி உள்ளே சென்று அதன் உயிர்ப்பொருளைச் சிதைக்கின்றது. ஆனால் நீரிற் காரத்தன்மை மிகும்போது, இவ்வமிலம் தன் ஐதரசனை இழந்து ஐப்போகுளோரைற்று அயனாக மாறிவிடும். அவ்வயன் எதிர்மின்னேற்றம் உடையது. கிருமியின் மேற்பரப்பும் அவ்வாறே ஆதலால், இரண்டும் ஒன்றையொன்று விலக்குகின்றன. கொல்லும் வலிமையில் அயன் அமிலத்துக்குப் பல பத்து மடங்கு தாழ்ந்தது. நீரிலுள்ள மொத்தக் குளோரீன் எவ்வளவு என்பதோடு, அது எவ்வடிவில் உள்ளது என்பதும் அறியப்படவேண்டும் என்பதே இதன் பொருள்.

எவ்வடிவில் உள்ளது என்பதை உணர்த்துவது பீ. எச். பெறுமானம். 1909 ஆம் ஆண்டிற் கோப்பன்கேகன் நகரில் சோரன்சன் என்னும் அறிஞர் வகுத்த அளவை இது. 7 என்பது நடுநிலை. அதனிற் குறைந்தால் அமிலம், மிகுந்தால் காரம். ஒவ்வொரு படியும் முன்னையதிற் பத்து மடங்கு வேறுபாட்டைக் குறிக்கும். பீ. எச். 7 ஆயின் கட்டற்ற குளோரீனில் ஏறக்குறைய முக்காற் பங்கு அமில வடிவில் இருக்கும். 7.5 இற் பாதி. 8 இல் நாலில் ஒன்று. 8.5 இற் பத்தில் ஒரு பங்கே மிஞ்சும். பச்சை படர்ந்த தடாகத்தைக் கண்ட ஒருவர், பீ. எச். 8 இல் நிற்பதை அறியாது, மேலும் மேலும் குளோரீனைக் கொட்டுகின்றார் என்க. முன்னிட்டதைப்போல் இரு மடங்கு இட்டாலன்றி 7.5 இற் கிடைக்கும் வலிமை அவருக்குக் கிடையாது. சிறிதளவு அமிலம் செய்திருக்கக்கூடிய வேலைக்கு அவர் குளோரீனை வீணாக்குகின்றார். மேலும், அவர் இடுவது ஐப்போகுளோரைற்று ஆயின், அதுவும் காரப் பொருளாதலால், பீ. எச். இன்னும் உயர்ந்துவிடுகின்றது.

அவ்வாறாயின் 6.5 இல் வைத்தல் மேலன்றோ எனின், அன்று. அமில நீர் சீமெந்துப் பூச்சைத் தின்னும். உலோகக் குழாய்களை அரிக்கும். கண்ணையும் தோலையும் உறுத்தும். மனிதக் கண்ணீரின் பீ. எச். ஏறக்குறைய 7.4. தடாகத்து நீரும் அதனையடுத்தே, 7.2 க்கும் 7.8 க்கும் இடையில் நிற்குமாயின், கண்ணும் நோகாது, குளோரீனும் வீண்போகாது. மனித உடலும் குளோரீனின் இயல்பும் இவ்விடத்தில் ஒத்துப்போவது நீராடுவோரின் நற்பேறு.

குளோரீன் நாற்றம் பற்றிய மயக்கமொன்றை இங்கு நீக்குதல் தகும். தடாகத்தருகே செல்லும்போது மூக்கை அரிக்கும் நெடி வீசுமாயின், "குளோரீன் மிகுதியாக இட்டிருக்கின்றனர், நீர் மிகத் தூயது" என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை இதற்கு மறுதலை. வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள யூரியா, அமோனியா முதலிய நைதரசன் சேர்வைகளுடன் குளோரீன் கூடும்போது குளோரமைன்கள் என்னும் பொருள்கள் உண்டாகின்றன. அந்நெடி அவற்றுக்கே உரியது. கண் சிவத்தலுக்கும் இருமலுக்கும் பெருங்காரணம் அவையே. இவ்வாறு கட்டுண்ட குளோரீனைப் பிணைந்த குளோரீன் என்பர். கிருமியைக் கொல்லும் ஆற்றல் அதற்கு மிகக் குறைவு. எனவே நெடி வீசும் தடாகத்துக்குக் குளோரீனைக் குறைத்தல் பிழை; கூட்டுதலே மருந்து. பிணைந்த குளோரீனின் அளவைப்போற் பத்து மடங்கு குளோரீனை ஒரேமுறையில் இட்டால், குளோரமைன்கள் சிதைந்து, நைதரசன் பெரும்பாலும் வாயுவாய் வெளியேறும். இப்பணியை மாலையிற் செய்து, அளவு தணியும்வரை எவரும் இறங்காது பார்த்துக்கொள்ளல் முறை. இறங்குமுன் ஒவ்வொருவரும் உடலைக் கழுவிக்கொள்வாராயின் இம்மருந்துக்கே பெரும்பாலும் தேவை எழாது. கோயிற் கேணியில் இறங்குமுன் காலைக் கழுவும் பழக்கமுடைய மக்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

வெப்ப நாடுகளிற் குளோரீனுக்கு மற்றொரு பகை ஞாயிறு. ஒளியிலுள்ள ஊதாக்கடந்த கதிர்கள் ஐப்போகுளோரைற்றைச் சிதைப்பதால், நண்பகல் வெயிலில் ஒரு மணி நேரத்துள் கட்டற்ற குளோரீனிற் பாதிக்குமேல் அழிந்துபோகும். காலை இட்டது மாலைவரை நில்லாது. இதற்குப் பரிகாரமாகச் சயனூரிக்கமிலம் என்னும் பொருளை இலீற்றருக்கு 30 முதல் 50 மில்லிக்கிராம்வரை நீரிற் கரைத்துவைப்பர். அது குளோரீனைத் தளர்வாகப் பற்றிக்கொண்டு, வெயிலினின்றும் காத்து, வேண்டும்போது சிறிது சிறிதாக விடுவிக்கும். பற்றிக்கொண்ட அளவுக்கு அதன் வேகமும் குன்றும். ஆதலால் இப்பொருள் இல்லாத தடாகத்திற் கட்டற்ற குளோரீன் இலீற்றருக்கு 1 மில்லிக்கிராமேனும், உள்ள தடாகத்தில் 2 மில்லிக்கிராமேனும் இருத்தல் வேண்டுமென விதிக்கப்பட்டுள்ளது. முன்னர்ச் சொல்லப்பட்ட பீ. எச். வேறுபாட்டின் கடுமையும் இப்பொருள் கலந்த நீரிற் சற்றுத் தணியும்.

காப்பதற்கு வந்த இப்பொருளே அளவு மீறினாற் கேடாகின்றது. தடாகங்களில் மிதக்கவிடப்படும் வெள்ளை வில்லைகள் பெரும்பாலும் முக்குளோரோ சயனூரிக்கமிலத்தால் ஆனவை. அவை தரும் ஒவ்வொரு 10 மில்லிக்கிராம் குளோரீனோடும் 6 மில்லிக்கிராம் சயனூரிக்கமிலமும் நீரிற் சேர்கின்றது. குளோரீன் நாடோறும் செலவாகின்றது. சயனூரிக்கமிலமோ ஏறத்தாழச் செலவாவதே இல்லை. நாளொன்றுக்கு 2 மில்லிக்கிராம் குளோரீன் வில்லைகளாலேயே ஊட்டப்படுமாயின், நூறு நாளில் 120 மில்லிக்கிராம் சயனூரிக்கமிலம் குவிந்துவிடும். அப்போது சோதனையிற் குளோரீன் போதிய அளவு தோன்றும். ஆயினும் பாசி படரும். உடைமையாளர் வியப்பார், கடைக்காரர் பாசிக்கொல்லி ஒன்றை விற்பார். நீரில் ஒரு பகுதியை வெளியேற்றிப் புதுநீர் விடுதலன்றி இதற்குத் தக்க வழி வேறில்லை. வில்லைகள் எளியன, கையாளச் சுகமானவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஆண்டு முழுதும் அவற்றையே நம்பியிருத்தல் அறிவுடைமையாகாது.

இரசாயனத்தைவிட்டு வடிகட்டலுக்கு வருவோம். தடாகத்து நீரைப் பம்பியானது உறிஞ்சி மணல் நிரம்பிய கொள்கலத்தினூடாகச் செலுத்தி மீண்டும் தடாகத்தில் விடுகின்றது. 75,000 இலீற்றரும் எட்டு மணி நேரத்தில் ஒருமுறை சுற்றிவர வேண்டுமெனின், பம்பி மணிக்கு ஏறக்குறைய 9,400 இலீற்றரைச் செலுத்தல் வேண்டும். ஆயினும் ஒரு சுற்று முடிந்ததும் நீர் முழுதும் வடிகட்டப்பட்டுவிட்டது என எண்ணல் தவறு. வடிகட்டிய நீர் தனியே நில்லாமல், வடிகட்டாத நீரோடு உடனே கலந்துவிடுகின்றது. பம்பி மீண்டும் உறிஞ்சுவது அக்கலவையையே. கணித முறைப்படி, ஒரு சுற்றின் பின் நூற்றுக்கு 37 பங்கு நீர் வடியைக் காணாதே இருக்கும். இரண்டாஞ் சுற்றின் பின் 14 பங்கும், மூன்றாஞ் சுற்றின் பின் 5 பங்கும் எஞ்சும். மின்சாரச் செலவை அஞ்சி நாளுக்கு இரண்டு மணி நேரம் மட்டும் பம்பியை இயக்குவோர், பெரும்பாலான நீரைத் தொடாதே விடுகின்றனர் என்பது இதனாற் பெறப்படும்.

மணல்வடியில் ஒரு விந்தையும் உண்டு. புதிதாய்க் கழுவிய மணலைக்காட்டிலும் சிறிது அழுக்கேறிய மணல் நன்றாக வடிக்கும். முதலிற் சிக்கிய துகள்களே பின்வரும் நுண்டுகள்களைப் பிடிக்கும் வலையாகின்றமையே காரணம். எனவே நாடோறும் மணலைக் கழுவுதல் நன்றன்று. கொள்கலத்திலுள்ள அமுக்கமானி, தூய நிலையிற் காட்டியதைவிடச் சதுர அங்குலத்துக்கு 8 முதல் 10 இறாத்தல் மிகுதியாகக் காட்டும்போது, நீரை எதிர்த்திசையிற் செலுத்திக் கழுவினாற் போதும்.

நீர் தெளிவாயிருத்தல் அழகு பற்றியதன்று, உயிர் பற்றியது. 2011 ஆம் ஆண்டு யூன் மாதம் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்துப் போல்றிவர் நகரிற் பொதுத்தடாகமொன்றின் நீர் கலங்கியிருந்தது. அதில் மூழ்கியிறந்த ஒருவரின் உடல் இரண்டு நாள்வரை எவர் கண்ணிலும் படவில்லை. அவ்விரு நாளும் பலர் அத்தடாகத்தில் நீந்திச் சென்றனர். கரையில் நிற்பவருக்கு அடித்தளத்து வடிகால் மூடி தெளிவாய்த் தோன்றாத தடாகத்துள் எவரும் இறங்கலாகாது என்னும் விதி இத்தகைய நிகழ்ச்சிகளின் விலையாற் பெறப்பட்டது. வீட்டுத் தடாகத்துக்குக் காவலர் இல்லை. ஆதலின் அவ்விதி அங்கே இருமடங்கு வலிமையுடையது.

எனினும் தெளிந்த நீர் யாவும் தூய நீராகாது. இலீற்றருக்கு 1 மில்லிக்கிராம் குளோரீன் உள்ள நீரில், பெரும்பாலான குடற் பற்றீரியாக்கள் ஒரு நிமிடத்துள் மாய்கின்றன. ஈரல் அழற்சி நோயொன்றின் வைரசு கால் மணி நேரமளவு தாங்கும். சியாடியா என்னும் ஒட்டுண்ணி முக்கால் மணி நேரம் தாங்கும். கிரித்தோசுபொரிடியம் என்னும் நுண்ணுயிரோ பத்து நாளுக்கு மேலும் உயிரோடிருக்கும். தடித்த ஓட்டினுள் அடங்கியிருப்பதால் அதனைக் குளோரீன் அணுகமாட்டாது. அதன் விட்டம் ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் 4 முதல் 6 பங்கு. மணல்வடியின் இடுக்குகளூடு அது எளிதிற் கழிந்துவிடும். 1993 இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்துக் குடிநீரில் இது கலந்தபோது ஏறக்குறைய நான்கு இலட்சம் பேர் வயிற்றோட்டத்தால் வருந்தினர். வயிற்றோட்டம் கண்ட ஒரு குழந்தை தடாகத்தில் இறங்கின், தெள்ளத் தெளிந்த அந்நீரே உடனிருக்கும் குழந்தைகளுக்கு நோயை ஊட்டும். அவ்வாறு நேர்ந்துவிடின் குளோரீனை இலீற்றருக்கு 20 மில்லிக்கிராமாக உயர்த்தி, ஏறக்குறைய 13 மணி நேரம் அவ்வளவிலேயே நிறுத்தல் வேண்டும். நமது தடாகத்துக்கு இது 2.3 கிலோகிராம் கல்சியம் ஐப்போகுளோரைற்று. சயனூரிக்கமிலம் மிகுந்த நீரில் இம்முறையும் பலிக்காது. ஆதலின் நோயுற்ற குழந்தையைத் தடுத்து நிறுத்தலே எளிது. இந்நோய் கண்டவர் வயிற்றோட்டம் நின்ற பின்னரும் இரு வாரம் தடாகத்தைத் தவிர்க்கவேண்டும் என மருத்துவர் கூறுவர். ஓட்டம் நின்ற பின்னரும் உடலினின்றும் அந்நுண்ணுயிர் வெளிப்படுதலே அதற்குக் காரணம்.

இவ்வளவும் வீட்டாரின் அறியாமையால் விளைவன என்று கருதல் வேண்டா. 2016 ஆம் ஆண்டு ரியோ தெ சனீரோ நகரில் நிகழ்ந்த ஒலிம்பிக்கு விளையாட்டில், பாய்தற்போட்டிக்குரிய தடாகம் ஓகஸ்ட் 9 ஆம் நாள் உலகத்தார் பார்த்திருக்கப் பச்சையாக மாறியது. அடுத்த தடாகமும் பின்னர் அந்நிறம் பெற்றது. ஐதரசன் பரவொட்சைட்டு என்னும் பொருளைச் சில நாள் முன்னர் நீரிற் கலந்துவிட்டனர் என்பதே பின்னர் வெளியிடப்பட்ட காரணம். அதுவும் கிருமிகொல்லியே, குளோரீனும் கிருமிகொல்லியே. ஆயினும் இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்து, உப்பையும் நீரையும் ஒட்சிசனையும் விட்டு மறைகின்றன. குளோரீனைக் காட்டும் பொறிகளோ போதிய அளவு உளதென்றே காட்டிக்கொண்டிருந்தன. கலைநீச்சற் போட்டி நெருங்கியதால், ஒரு தடாகத்தின் 37 இலட்சம் இலீற்றரளவான நீரை வெளியேற்றி, பயிற்சித் தடாகத்து நீரால் அதனை நிரப்பினர். இரு நல்ல மருந்துகள் சேர்ந்தால் ஒரு சிறந்த மருந்தாகும் என்னும் எண்ணம் உலகப் போட்டித் தடாகத்தையே இவ்வாறு நாணச் செய்தது.

நீரின் வன்மையைப் பற்றியும் சிறிது கூறல்வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மீது அமைந்தது. அதன் கிணற்று நீர் கல்சியம் செறிந்த வன்னீர். கேத்திலின் உட்புறத்திற் படியும் வெண்மாவை அறியாத இல்லத்தரசி அங்கில்லை. அத்தகைய நீரால் தடாகத்தை நிரப்பி, பீ. எச். 8 ஐத் தாண்ட விட்டால், அவ்வெண்மாவே ஓடுகளிலும் குழாய்களிலும் வடிகட்டியின் மணலிலும் கல்லாய்ப் படியும். இதற்கு மாறாக, கல்சியம் குறைந்த மென்னீர் தனக்கு வேண்டிய கல்சியத்தைச் சீமெந்துப் பூச்சினின்றே கரைத்தெடுத்துக்கொள்ளும். கல்சிய வன்மை இலீற்றருக்கு 200 முதல் 400 மில்லிக்கிராம் என்பது நடுவழி. நீரின் காரத்தன்மை 80 முதல் 120 வரை இருக்குமாயின் பீ. எச். அடிக்கடி தாவாது நிலைபெறும். அது குறைந்தவிடத்து அப்பச்சோடாவெனச் சமையலறையில் வழங்கும் சோடியமிருகாபனேற்றே மருந்து. நமது தடாகத்தில் 10 மில்லிக்கிராம் உயர்த்த ஒன்றேகால் கிலோகிராம் வேண்டும்.

சோதனைக்கு வேண்டுவது சிறு பெட்டியொன்றே. பீனோற் சிவப்பு என்னும் சாயம் பீ. எச். பெறுமானத்தை மஞ்சள் முதற் செந்நிறம்வரை காட்டும். மற்றொரு சாயம் கட்டற்ற குளோரீனை இளஞ்சிவப்பாற் காட்டும். முழங்கையளவு ஆழத்தினின்றும், நீர் புகும் வாயிலுக்குச் சேய்மையிலும் நீரை எடுத்தல் நன்று. வெயில் மிக்க நாளிலும் பலர் நீராடிய நாளிலும் இருமுறை பார்த்தல் வேண்டும்.

மருந்துகளைக் கையாளும் முறையில் நேரும் தவறு நீரைக் கெடுப்பதோடு நில்லாது, ஆளையே கொல்லும். பீ. எச். குறைக்கப் பயன்படும் ஐதரோகுளோரிக்கமிலமும் ஐப்போகுளோரைற்றும் ஒன்று சேர்ந்தாற் குளோரீன் வாயு பொங்கியெழும். முதல் உலகப் போரில் 1915 இல் ஈப்பர் களத்திற் போர்வீரரை மாய்த்தது இவ்வாயுவே. ஆதலால் ஒன்றை அள்ளிய பாத்திரத்தால் மற்றொன்றை அள்ளலாகாது. ஒரே வாளியிற் கலக்கலாகாது. ஒரே தட்டில் வைக்கவும் ஆகாது. கல்சியம் ஐப்போகுளோரைற்றும் முன்சொன்ன வெள்ளை வில்லைகளும் கலந்து நனைந்தாற் றீப்பற்றவோ வெடிக்கவோ கூடும். இரண்டும் குளோரீன்தானே என்று ஒரே மிதவைப் பாத்திரத்தில் இடுவோர் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும். அமிலத்தை நீரில் விடலாம். நீரை அமிலத்தில் விடலாகாது. பொருளறை உலர்ந்ததாயும் காற்றோட்டமுடையதாயும், சிறுவர் கைக்கு எட்டாத பூட்டுடையதாயும் இருத்தல் வேண்டும்.

மாரிக்காலம் தடாகத்துக்கு வேறொரு சோதனை. பெருமழை நீரின் காரத்தன்மையையும் குளோரீனையும் ஒருங்கே ஐதாக்கும்; தோட்டத்து மண்ணும் எருவும் கரைந்து வந்தாற் பாசிக்கு உணவாகும். மழை விட்டதும் மிகை நீரைப் போக்கி, எல்லாப் பெறுமானங்களையும் புதிதாய் அளந்து சீர்செய்தல் வேண்டும். "இவ்வாறு தொல்லைப்படுவானேன், நீர் முழுவதையும் இறைத்துவிடலாம்" என எண்ணுவோர் உளர். அக்காலத்தில் நிலத்தடி நீர் உயர்ந்து தடாகத்தின் சுவர்களைச் சூழ்ந்து நிற்கும். உள்ளிருந்த 75 தொன் நீரின் பாரம் நீங்கியதும், சீமெந்துத் தொட்டி முழுவதும் படகுபோல் மேலெழுந்து பிளந்துவிடக்கூடும். கோடையில், நிலம் வறண்டிருக்கும்போது, குளோரீன் முற்றாய்த் தணிந்த பின்னரே நீரை இறைத்தல் தகும். தணியுமுன் வாய்க்காலில் விடப்படும் நீர் அருகிலுள்ள குளத்து மீன்களைக் கொன்றுவிடும்.